மாடி அறைக் கணினியும் கீழ்க்கூடத்து மடிக்கணினியும்: வீட்டுக்குள் தொலை அணுகல் பற்றிச் சில குறிப்புகள்

பழைய இதழ்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேலைக்கென்றே எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. பவர் ஒயர் ஒன்று, நெட்வொர்க் ஒயர் ஒன்று, அவ்வளவுதான். வேலை எல்லாம் கீழே கூடத்தில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து. "அதுக்கு என்ன சாஃப்ட்வேர் போட்டிருக்கீங்க?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்கும்போதே டீம்வியூவர், எனிடெஸ்க் என்று இரண்டு பெயரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டுமே இல்லை. ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வெளியார் யாரும் தேவையில்லை. அதை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு. கட்டளைகளைப் படிக்கும் வசதிக்காகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

அந்தச் சேவைகளைக் குறை சொல்ல வரவில்லை. மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினால் நானும் அதைத்தான் திறப்பேன். ஆனால் பதினைந்து படிக்கட்டு இடைவெளியில் இருக்கிற இரண்டு பெட்டிகள், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் போய் எண்ணைக் காட்டி, அங்கே அறிமுகம் ஆகி, பிறகு பேசத் தொடங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். இணையம் நின்றால் அந்த அறிமுகமும் நின்றுபோகும். அதைவிட முக்கியம், இந்த வகைச் செயலிகளை வைத்து நடக்கும் ஏமாற்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, எண்ணை வாங்கிக்கொண்டு கணக்கைக் காலி செய்கிறார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலியில் கோளாறு இல்லை. தொலை அணுகல் என்றாலே கணினியின் சாவியை ஒருவரிடம் கொடுப்பதுதான் என்பது, பொத்தானை அமுக்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது. நாமே கையால் அமைத்துப் பார்த்தால் அது தானாகப் புரிந்துவிடும்.

முதல் கேள்வி: மாடிக் கணினி எங்கே இருக்கிறது? மாடியில் என்பது நமக்குத் தெரியும், மடிக்கணினிக்குத் தெரியாதே. அதற்கு ஐபி முகவரி வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினாலும், லினக்ஸில் ஐபி, ஓர் இடைவெளி, ஏ என்று தட்டினாலும் அது வரும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும் அப்படித்தான். ஒரே முகவரி இத்தனை வீட்டில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டால், ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பது மாதிரி. நான்காம் பதிப்பு ஐபியில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் அது போதாது என்பது 90களிலேயே தெரிந்துவிட்டது. அதனால் 1996இல் ஒரு தர ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளை உள்வீட்டுப் புழக்கத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது. 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168. இவற்றை யார் வேண்டுமானாலும் தன் சுவருக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளி இணையத்தில் இந்த முகவரிக்கு ஒரு தபாலும் போகாது.

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். 192.168.1.20 என்ற முகவரியை வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மாடிக் கணினி பதில் சொல்லும். அலுவலகத்திலிருந்து அதே எண்ணைக் கூப்பிட்டால் ஒன்றும் வராது, அல்லது அலுவலகத்திலேயே அந்த எண் உள்ள வேறு ஏதாவது பெட்டி பதில் சொல்லும். வீட்டுச் சுவர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுவர் நம் நன்மைக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முகவரியில் ஒரு தொல்லை உண்டு. அதை ரூட்டர் வாடகைக்குத்தான் கொடுக்கிறது. இன்று 20 என்றால், ரெண்டு நாள் அணைத்து வைத்துவிட்டுத் திறந்தால் 23 ஆக இருக்கலாம். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கணினியில் கையால் நிலையான முகவரி எழுதி வைப்பது ஒரு வழி. எனக்கு அது பிடிக்காது. ரூட்டர் அதே எண்ணை வேறு யாருக்காவது, விருந்தாளியின் போனுக்குக்கூட, கொடுத்துவிட்டால் இரண்டுக்கும் சண்டை வரும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஎச்சிபி என்ற பகுதியில், இந்தக் கணினிக்கு எப்போதும் இந்த முகவரி என்று பதிந்து வைப்பதுதான் சரி. நெட்வொர்க் கார்டுக்கு என்று மேக் முகவரி ஒன்று உண்டு, பன்னிரண்டு குறிகள் கொண்டது. அதைப் பார்த்து ரூட்டர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வைஃபையில் இருக்கும் கணினி என்றால், மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி அதில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரூட்டருக்கு ஒவ்வொரு முறையும் புது ஆளாகத் தெரியும். எண்ணையே நினைவில் வைக்க விருப்பம் இல்லையென்றால், கணினியின் பெயரோடு புள்ளி, லோக்கல் என்று சேர்த்துக் கூப்பிட்டாலும் வரும். மேக்கிலும் பெரும்பாலான லினக்ஸிலும் இது தானாக வேலை செய்கிறது.

அடுத்து, நம்மூர் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு சிக்கல். ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனம் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறது. அதுவும் ரூட்டர்தான். அதன் வைஃபை மாடிவரை எட்டவில்லை என்று நாம் கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் சொருகுகிறோம். இரண்டும் இணையம் தருகின்றன, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வீட்டுக்குள் இப்போது இரண்டு வலையமைப்புகள். கீழே இருப்பதற்கு 192.168.1, மேலே இருப்பதற்கு 192.168.0 என்று முகவரி வரும். மேலே இருக்கும் கணினி கீழே இருப்பதைக் கூப்பிட முடியும். கீழே இருப்பது மேலே இருப்பதைக் கூப்பிட முடியாது, இரண்டாவது ரூட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். என்ன செய்தும் இணைப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரண்டு முகவரியிலும் மூன்றாவது எண் ஒன்றுதானா? இல்லையென்றால் இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் என்ற முறைக்கு மாற்றுங்கள். அப்போது அது வெறும் வைஃபை நீட்டிப்பாக இருக்கும், முகவரி கொடுக்கும் வேலை முதல் ரூட்டரோடு நின்றுவிடும். அதேபோல, கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் கிடைக்காது. விருந்தாளி வலையில் இருப்பவர் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே.

பிங் என்ற கட்டளையால் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கலாம். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸின் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்கு வாய் திறப்பதில்லை. அதே விண்டோஸ், வீட்டு வைஃபையைப் பப்ளிக் என்று குறித்து வைத்திருந்தால் மற்ற கதவுகளையும் சாத்திக்கொள்ளும். ரயில் நிலைய வைஃபைக்கு அது சரி, வீட்டுக்கு பிரைவேட் என்று மாற்ற வேண்டும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

ஆள் இருக்கும் இடம் தெரிந்தாயிற்று. இனி எந்தக் கதவைத் தட்டுவது? கணினியில் ஏதோ ஒரு நிரல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் கதவு திறக்கும். அந்த நிரலுக்குத்தான் சர்வர் என்று பெயர். ஏசி அறை, அலமாரி நிறைய விளக்கு எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு நிரலும் ஒரு போர்ட் எண்ணில் காத்திருக்கும். வீட்டுக்கு நமக்கு வேண்டியவை மூன்றுதான்: விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் 3389இல், விஎன்சி 5900இல், எஸ்எஸ்எச் 22இல்.

மாடியில் இருப்பது விண்டோஸ் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பே போதும். திரை முழுவதும் இங்கே வந்துவிடும், வேகமும் நன்றாக இருக்கும். ஆனால் அது ப்ரோ பதிப்பாக இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு வேறு கணினிக்குள் போகும், தனக்குள் யாரையும் விடாது. மடிக்கணினியோடு வரும் விண்டோஸ் பெரும்பாலும் ஹோம்தான் என்பதால், வாங்கும்போதே மாடியில் எதை வைக்கப் போகிறோம் என்று யோசித்துக்கொள்ளலாம். உள்ளே நுழைய பின் எண் செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. பலர் இங்கேதான் அரை மணி நேரம் முட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, நீங்கள் கீழிருந்து உள்ளே போனால் மேலே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே இருப்பவரும் நீங்களும் ஒரே திரையைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் அதற்கு விஎன்சிதான் பொருத்தம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 90களில் உருவானது அது. எல்லா வகைக் கணினியிலும் ஓடும். ஆனால் அதன் பழைய பாஸ்வேர்டு முறை முதல் எட்டு எழுத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும், படமும் மறையாக்கம் இல்லாமல் போகும். வீட்டுக்குள்ளேயே என்றாலும் நான் அதை எஸ்எஸ்எச் குழாய் வழியாகத்தான் விடுவேன்.

என் மாடிக் கணினியில் உபுண்டு. அதில் நான் பயன்படுத்துவது எஸ்எஸ்எச் ஒன்றுதான், படம் இல்லை, வெறும் எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கறுப்புத் திரை என்றதும் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் டெல்நெட் என்று ஒன்று இருந்தது. தொலைவில் உள்ள கணினியில் கட்டளை தட்டலாம். ஆனால் தட்டுவதெல்லாம், பாஸ்வேர்டு உட்பட, அப்படியே வெட்டவெளியாகக் கம்பியில் போகும். 1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு ஏராளமான பாஸ்வேர்டுகளைத் திரட்டிவிட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். போகும் ஒவ்வோர் எழுத்தையும் மறையாக்கி அனுப்பும். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 50 நாடுகளில் 20,000 பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கோப்பு மாற்றும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பழைய ஆட்களின் வேலையையும் சேர்த்தே பார்க்கப் போகிறவனுக்குப் பொருத்தமான இடம்தான். இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச், ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999இல் வெளியிட்டது.

உபுண்டுவில் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் என்ற பொதியை நிறுவினால் போதும். மேக்கில் ஷேரிங் பகுதியில் ரிமோட் லாகின் என்ற பொத்தான். விண்டோஸ் 10, 11இல் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் தேடினால் கிடைக்கும், இதற்கு ஹோம், ப்ரோ பேதம் இல்லை. பிறகு கீழேயிருந்து டெர்மினலைத் திறந்து எஸ்எஸ்எச், ஓர் இடைவெளி, மாடிக் கணினியில் உங்கள் பயனர் பெயர், @ குறி, முகவரி. என்டர் தட்டினால் ஒரு கேள்வி வரும். இந்தக் கணினியை இதற்கு முன் பார்த்ததில்லை, அதன் கைரேகை இது, நம்பலாமா என்று கேட்கும். எல்லோரும் யோசிக்காமல் யெஸ் என்று தட்டிவிடுகிறோம். வீட்டுக்குள்தானே, ஒரே ஒரு தடவை மாடியேறிப் போய் அங்கே காட்டும் கைரேகையும் இதுவும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம். அதன் பிறகு எப்போதாவது "கைரேகை மாறியிருக்கிறது" என்று பெரிய எழுத்தில் கத்தினால், நீங்கள் சமீபத்தில் மறுபடி உபுண்டு நிறுவியிருந்தால் ஒழிய, அதை அலட்சியம் செய்யக் கூடாது.

இப்போது பாஸ்வேர்டு கேட்கும். இங்கேதான் நான் பாஸ்வேர்டை விட்டுச் சாவிக்கு மாறச் சொல்வேன். மடிக்கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் என்று தட்டினால் இரண்டு சிறிய கோப்புகள் பிறக்கும். ஒன்று ரகசியச் சாவி, மற்றது பொதுச் சாவி. பெயர்தான் இரண்டுக்கும் சாவி. பொதுச் சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் குழப்பமே இருக்காது. பூட்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் எதையும் திறக்க முடியாது. அந்தப் பூட்டை மாடிக் கணினியின் கதவில் மாட்டிவிட வேண்டும். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை அதைச் செய்துவிடும். ரகசியச் சாவி மடிக்கணினியை விட்டு வெளியே போகவே போகாது. மெயிலில் அனுப்புவது, கூகுள் டிரைவில் போட்டு வைப்பது எல்லாம் கூடாது. மடிக்கணினி திருடு போனாலும் சாவி பயன்படாமல் இருக்க, அதற்கு ஒரு சொற்றொடர்ப் பூட்டும் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு கணினியிலிருந்தும் உள்ளே போக வேண்டும் என்றால் இந்தச் சாவியை நகலெடுக்காமல், அங்கே தனியாக ஒன்று உண்டாக்குங்கள். மாடிக் கணினியில் அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பூட்டு இருக்கும். மடிக்கணினி தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே பாஸ்வேர்டை வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தால் இது நடக்குமா?

சாவி வேலை செய்வது உறுதியான பிறகு, எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிடலாம். ஒரு முன்னெச்சரிக்கை: மாற்றத்தைச் செய்யும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். வீட்டுக்குள் என்றால் தவறினாலும் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டியதுதான் தண்டனை. ஆனாலும் மானிட்டர் கனம்.

உள்ளே போய் என்ன செய்வது? என் வேலை டெஸராக்ட். எச்பி ஆய்வுக்கூடத்தில் 80களில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக விடப்பட்ட எழுத்துணரி. தமிழும் படிக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொடுத்தால் மணிக்கணக்கில் ஓடும். அதற்குள் மடிக்கணினியை மூடினால் எஸ்எஸ்எச் இணைப்பு அறும், அதோடு ஓடும் வேலையும் நின்றுவிடும். அதனால் டிமக்ஸ் என்ற நிரலை முதலில் திறந்து, அதற்குள் வேலையை ஓடவிடுவது வழக்கம். இணைப்பு போனாலும் அது மாடியில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஒட்டிக்கொண்டால் விட்ட இடத்தில் பார்க்கலாம்.

கோப்புகளைக் கொண்டுபோக ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் 1996இல் வெளியிட்டது. இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்பும். பாதியில் அறுந்தாலும் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்காது. இங்கே தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஒகரக் கொம்பை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய மேக்கின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைக்கும், லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் "தொகுப்பு" என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அதிசயம் நடக்கும். ஆர்சிங்கில் இதைச் சரிசெய்ய ஐகான்வ் என்ற தேர்வு உண்டு. ஆனால் கோப்புப் பெயர்களுக்கு ஆங்கிலமும் எண்ணும் போதும் என்பது என் வழக்கம். பல டெர்மினல்கள் தமிழ்க் கொம்புகளை இடம் மாற்றிக் காட்டுவதால் எப்படியும் படிக்கச் சிரமம்தான்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மாடிக்கு ஒயர் இழுக்க முடிந்தால் இழுங்கள். 40 ஜிபி ஸ்கேன்களை 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம், கிகாபிட்டில் சில நிமிடங்கள். கிகாபிட்டுக்கு ஒயரின் எட்டு இழையும் இணைந்திருக்க வேண்டும். சில இடங்களில் நான்கு இழையை மட்டும் மாட்டிவிட்டு, "நெட் வருதுல்ல சார்" என்று போய்விடுவார்கள். ஒயர் இழுத்த அன்றே வேகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சுவருக்குள். அடுத்தபடியாக எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: வெளியூரில் இருக்கும்போதும் மாடிக் கணினியைத் தொட வேண்டும். இணையத்தில் தேடினால் போர்ட் ஃபார்வர்டிங் என்று வரும். ரூட்டரில், வெளியிலிருந்து 3389க்கு வருவதை அப்படியே 192.168.1.20க்குத் திருப்பிவிடு என்று எழுதி வைப்பது. ஐந்து நிமிட வேலை. சுவரில் ஓட்டை போடும் வேலையும் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கணக்குப் போடுபவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று, கணினி பழுது பார்க்க வந்த பையன் இதைச் செய்துகொடுத்துவிட்டுப் போனான். பாஸ்வேர்டு, கடையின் பெயரும் ஓர் எண்ணும். சில வாரங்களில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாக் கோப்புகளும் பெயர் மாறி, திறக்க முடியாமல், பணம் கேட்கும் ஒரு குறிப்போடு கிடந்தன. வாடிக்கையாளர்கள் கொடுத்த பக்க வடிவமைப்புகள், பாதி முடிந்த ஒரு குடும்ப வரலாற்று நூல், கணக்குகள். அந்த நூலை எழுதியவர் எண்பது வயதுக்காரர். மெய்ப்புத் திருத்திய தாள்கள் அவரிடம் இருந்ததால் மறுபடி தட்டச்சு செய்தார்கள். கணக்குகள் திரும்பவில்லை. ஏன் என்னை, நான் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இணையத்தின் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. திறந்த கதவு கிடைத்தால் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும். 2016இல் மிராய் என்ற தீநிரல், சுமார் 60 இயல்பான பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. பாஸ்வேர்டு நன்றாக இருந்தாலும் தப்ப முடியும் என்று சொல்வதற்கில்லை. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு ஓட்டை தெரியவந்தது, புளூகீப் என்று பெயர். பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையலாம். பராமரிப்பை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் கனம் புரியும்.

3389க்குப் பதில் வேறு எண் வைத்தால் போதுமே என்பார்கள். போதாது. 65,535 எண்களையும் தட்டிப் பார்க்க அந்த நிரல்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் ஒன்றை வீட்டிலேயே அமைப்பதுதான் சரியான வழி. நான் பரிந்துரைப்பது ஒயர்கார்டு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. எஸ்எஸ்எச் மாதிரியே பூட்டும் சாவியும்தான். இதற்கும் ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திருப்பிவிட வேண்டும். ஆனால் சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு ஒயர்கார்டு பதிலே சொல்லாது. "பூட்டியிருக்கிறது" என்றுகூடச் சொல்லாது. வெளியே நிற்பவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாவியுள்ள உங்கள் மடிக்கணினி உள்ளே வந்ததும், வீட்டில் இருப்பது போலவே 192.168.1.20 என்று கூப்பிடலாம்.

நம்மூரில் இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இணைய நிறுவனங்கள் பலவும் வீட்டுக்கு ஒரு வெளி முகவரி தருவதில்லை. பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்போது வெளியிலிருந்து ரூட்டரையே எட்ட முடியாது. போர்ட் திருப்பி எந்தப் பயனும் இல்லை. மாதம் கொஞ்சம் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி, ஒயர்கார்டின் மேல் கட்டிய சேவையைப் பயன்படுத்தலாம். அறிமுகம் செய்துவைக்க வெளியார் மறுபடி வருகிறார்தான், ஆனால் சாவிகள் நம் கணினிகளிலேயே இருக்கும். போகும் விஷயத்தை அவரால் படிக்க முடியாது. இதற்கு நடுவே, ஆறாம் பதிப்பு ஐபி வந்துவிட்ட வீடுகளில் ஒவ்வொரு கணினிக்கும் நேரடியான உலக முகவரி இருக்கும். அங்கே பழைய சுவர் இல்லை, ரூட்டரின் ஃபயர்வால் மட்டும்தான் காவல். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். யுபிஎன்பி என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். நம்மைக் கேட்காமலே நிரல்கள் ரூட்டரில் கதவு திறந்துகொள்ள அது வழி விடுகிறது.

கடைசியாக மின்சாரம். மாடிக் கணினிக்கு யூபிஎஸ் இருந்தாலும் நீண்ட மின்வெட்டில் அது அணைந்துதான் போகும். பயாஸில், மின்சாரம் திரும்பினால் தானே எழுந்துகொள் என்ற அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்து வையுங்கள். அதே இடத்தில் வேக்-ஆன்-லேன் என்பதும் இருக்கும். தூங்கும் கணினியை நெட்வொர்க் ஒயர் வழியாகவே தட்டி எழுப்புவது. அனுப்புவது ஒரு சின்னப் பொட்டலம்: ஆறு பைட் ஒரே மாதிரி, அதன் பின் அந்தக் கணினியின் மேக் முகவரி பதினாறு தடவை, மொத்தம் 102 பைட். போனிலேயே இதற்குச் செயலிகள் உண்டு. மாடியில் மின்விசிறி சுழலும் சத்தம் கேட்க அரை நிமிடம் ஆகும். எஸ்எஸ்எச் பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.